பாக்கலாம் குவியல்

துண்டைக் காதருகே பிடித்து விரலால் ஒரு தட்டு. பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரு முகர்வு. பிறகு கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை. "இர்க்கட்டும்" என்று இடது பக்கம் வைக்கிறார் அம்மாசி. அடுத்த துண்டுக்கும் அதே தட்டு, அதே முகர்வு, அதே பார்வை. ஆனால் இதை உடனே கீழே வைக்க மனம் வரவில்லை. திருப்புகிறார். மறுபடி திருப்புகிறார். கடைசியில், "பாக்கலாம்" என்று முணுமுணுத்து இரண்டு காலுக்கும் நடுவில் போடுகிறார்.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிப் போகும் எங்கள் சந்தின் கோடியில் அவருடைய தச்சுப் பட்டறை இருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கம் சுவர், முன்னால் ஒரு தகரக் கதவு. மாலையில் வேலை முடிந்ததும் மற்ற தச்சர்கள் கூட்டிப் பெருக்கிவிட்டு முகம் கழுவப் போவார்கள். அம்மாசி குந்தி உட்கார்ந்து அன்றைய வெட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக விசாரிப்பார். அவை மூன்றாகப் பிரியும். இடது பக்கம் போவது வைத்துக்கொள்ள. வலது பக்கம் போவது முனையில் டீக்கடை வைத்திருக்கும் நூர் முஹம்மதுவின் பாய்லருக்கு. நடுவில் விழுவது 'பாக்கலாம்'. இடது பக்கம் ஒரு முறம் தேறும். வலது பக்கம் ஒரு கைப்பிடி. நடுக் குவியலோ அவர் காலை எடுத்து வெளியே வைக்கவே இடம் விடாது.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டால், "அமாவாசைல பொறந்தேன், அத்தோட கணக்கு சரி" என்பார். ஒல்லியான உடம்பு. முழங்கைக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய கையோ என்று நினைக்கும்படி திரண்டிருக்கும். எத்தனையோ பைகள் வைத்த காக்கி அரைக்கால் சட்டை, எந்த நிறமும் இல்லாத பனியன். வேலை செய்யும்போது திருகாணிகளை உதட்டோரம் கவ்விக்கொண்டு மறு ஓரத்தால் பேசுவார். அதுவே பழகிப்போய், கோயிலில் அர்ச்சகரிடம் பேசும்போதுகூட வாய் ஒரு பக்கமாகத்தான் திறக்கும். எங்கள் சந்துக்குக் குடிவந்த புதிதில் அவருக்கு ஏதோ பல்வலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மரங்களுக்கு அவர் தரும் மரியாதை தனி. பர்மா தேக்கு என்றால் 'அவரு'. "அவரு தண்ணில கெடந்தாலும் அசர மாட்டாரு சார்" என்பார். நாட்டுத் தேக்கு 'அவன்'. வேம்பும் மாவும் 'இது'. பிளைவுட்டை வயிற்றுப்பாட்டுக்காகத் தொடுவார், ஆனால் பெயர் சொல்ல மாட்டார். 'அந்த அட்டை' என்பதோடு சரி. மரத்தூளில் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகைகள் அப்போதுதான் தி. நகர்க் கடைகளில் மேஜையாகவும் டி.வி. ஸ்டாண்டாகவும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கு அவர் வைத்த பெயர் 'பிஸ்கோத்து'.

அடையாறு, தி. நகர் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறை அலமாரி அடிக்கிற வேலை அவருக்கு நிறைய வந்தது. காலையில் உளியும் ரம்பமும் இழைப்புளியும் அடங்கிய பையோடு சைக்கிளில் போவார். சாயங்காலம் திரும்பும்போது சைக்கிள் காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு நீளமாகியிருக்கும். பின்னால் கேரியரில் கட்டிய ரீப்பர் கட்டைகள் எதிரே வருபவர்களையெல்லாம் ஓரம் தள்ளும். அந்த வீட்டுக்காரர்கள் குப்பையில் போடச் சொன்னவை எல்லாம் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்தவை பட்டறையின் பின்பாதியில் குடியேறின. பின்பாதி என்றால் ஒரு சின்ன அறை அளவு இருக்கும். முதலில் சுவரோரமாக இருந்தன. பிறகு சுவர் தெரியவில்லை. பிறகு பின்பக்க ஜன்னல் இருந்ததே மறந்துபோயிற்று. உள்ளங்கை அகலத் துண்டுகள், முக்கோணங்கள், பாதியில் நின்ற கடைசல் கால்கள், யார் வீட்டிலோ கழற்றிய கதவின் ஒரு மூலை, தாழ்ப்பாள் தடம் பதிந்த ஒரு சட்டம். ஒரு பூனை அங்கே வருஷா வருஷம் குட்டி போட்டது. குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று அதற்கே சில நேரம் தெரியாமல் கத்திக்கொண்டு திரியும்.

அவருடைய மனைவி ஜோதிலட்சுமிக்கு இந்தப் பின்பாதி மேல் ஒரு கண் இருந்தது.

ஜோதிலட்சுமி இட்லி மாவு அரைத்து விற்கிறவர். எங்கள் சந்திலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவருடைய மாவுதான். ஆனால் அரைப்பதற்குச் சொந்தமாகக் கல் கிடையாது. பட்டினப்பாக்கத்தில் தூரத்து உறவுக்காரி வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்துகொண்டு அங்கே போக வேண்டும். அந்த வீட்டில் விருந்தாளி வந்திருந்தால் வாசலில் காத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். ஒருநாள்கூட அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மாவைச் சுமந்துகொண்டு வேகமாகப் போகிற போக்கில், "இன்னா சார், ஆபீஸ் லீவா?" என்று விசாரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்.

வடபழனியில் ஜோதிலட்சுமியின் அக்கா ஒரு மெஸ் நடத்தி வந்தார். அவர் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கியதால், இருந்த பழைய கிரைண்டரைத் தங்கைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். நல்ல கல். மோட்டார் புதிது. வந்து எடுத்துப்போக வேண்டியதுதான். ஆனால் கொண்டுவந்து எங்கே வைப்பது? அவர்கள் வீடு பட்டறையை ஒட்டிய ஒற்றை அறை. அதில் கட்டில் போட்டால் நடக்க முடியாது, நடந்தால் கட்டில் போட முடியாது.

"கல்லு வருதுய்யா. பின்னால எடம் வோணும்" என்றார் ஜோதிலட்சுமி.

"ஆவட்டும். ஞாயித்துக்கெயம ஒக்காந்து பிரிச்சிடலாம்" என்றார் அம்மாசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். என் புத்தக அலமாரிக்கு ஒரு தட்டு அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்கப் போனவன், வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஜோதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து நீட்டினார். அம்மாசி நீதிபதி மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"கட்டில் காலு ஆடிச்சின்னா கீழ வெக்கலாம்."

"யார் ஊட்டுக் கட்டிலு?"

"யார்னா ஊட்டு."

"அவங்க வந்து கேட்டாங்களா?"

"இன்னும் ஆடல. ஆடிச்சின்னா கேப்பாங்க."

ஜோதிலட்சுமி அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"இது?"

"அது ஆப்பு அடிக்க."

"இது?"

"அந்த ஆப்பு பத்தலன்னா."

மூன்று பக்கமும் சமமில்லாத ஒரு ரோஸ்வுட் துண்டு வந்தது. அம்மாசி அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "இது இன்னாத்துக்குன்னு எனக்கே தெரில ஜோதி. ஆனா பாரேன், எவ்ளோ அயகா கீறாரு" என்றார்.

ஜோதிலட்சுமிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. "உன்னாண்ட பேசறதும் கட்டையாண்ட பேசறதும் ஒண்ணுய்யா" என்றார். அப்படியும் அவர் விடவில்லை. வெயில் ஏறி இறங்கும்வரை ஒவ்வொரு துண்டுக்கும் 'இது இன்னாத்துக்கு' என்று கேட்டார். அம்மாசியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். ஊஞ்சல் பலகையின் ஓரம் சிதைந்தால் ஒட்டுப்போட, தம்பூராவில் தந்தி முறுக்கும் பிருடை உடைந்தால் கடைந்து கொடுக்க, ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டால் இடையில் செருக, பீரோ ஒரு பக்கம் சாய்ந்தால் முட்டுக்கொடுக்க. முடிவில் நூர் முஹம்மதுவுக்குப் போவது என்று ஒரே ஒரு கோணிப்பை நிறைந்தது. பின்பாதி அப்படியேதான் இருந்தது. தூசி மட்டும் குறைந்திருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் அம்மாசி வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இல்லாமல், பாய்லருக்கு நேர் எதிரே போய் நின்றார். நூர் முஹம்மது கோணியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தார்.

"பாய், அத்த மட்டும் வுட்டுடு."

நூர் முஹம்மது அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அத்தயும்."

"நைனா, இது என் வெறகு. நீதான் கொண்டாந்து குட்த்த."

"குட்த்தேன். இல்லன்னு சொல்லல. இப்ப கேக்கறேன்."

நூர் முஹம்மது கோபக்காரர் இல்லை. இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இனிமே நீ வெறகு குட்த்த மறுநாளு இங்க டீ குடிக்க வராத. பாய்லர்ல தண்ணி கொதிக்கறதுக்கு முன்னால உன் மூஞ்சி கொதிக்குது. அத்தப் பாத்துக்கினு என்னால டீ ஆத்த முடியல" என்றார்.

அந்த இரண்டு துண்டையும் பனியனுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் அம்மாசி. ஜோதிலட்சுமி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். பனியன் புடைத்திருப்பது அவர் கண்ணில் பட்டது. திட்டியிருந்தால் அம்மாசி எப்படியாவது சமாளித்திருப்பார். ஜோதிலட்சுமி திட்டவில்லை. களைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, "அக்காவாண்ட கல்லு வாணான்னு சொல்லி அனுப்பிட்றேன். அவங்க வேற யாருக்குனா குடுக்கட்டும்" என்று சாதாரணமாகச் சொன்னார். பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பட்டினப்பாக்கம் பக்கம் நடந்துவிட்டார்.

அன்று அம்மாசி வேலைக்குப் போகவில்லை. நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது பட்டறை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் எந்தக் குவியலும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக் கேட்டேன்.

"ஒடம்பு நல்லாத்தான் கீது சார்" என்றார். பின்பாதியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து அவ எங்கிட்ட ஒண்ணியும் கேட்டதில்ல சார். மொத தபா எடம் கேக்கறா. மரத்துக்கெல்லாம் எடம் குட்த்து வெச்சிகீறேன், அவளுக்கு இல்ல" என்றார். வாய் வழக்கம்போல ஒரு பக்கமாகத்தான் திறந்தது. ஆனால் அன்றைக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அப்படியே எழுந்து போய் சின்னப்பையனைப் பார்த்தார். பெயர்தான் சின்னப்பையன், பேரப்பிள்ளைகள் எடுத்தவர். மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை காலை துண்டுகள் அத்தனையையும் வண்டியில் ஏற்றி, வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்காரரிடம் அடுப்புக்குக் கொடுத்துவிடுவது. திரும்பி வரும்போது அதே வண்டியில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது. இதுதான் ஏற்பாடு. ஜோதிலட்சுமியிடம் போய், "அக்காவாண்ட சொல்லி அனுப்பாத. வெள்ளிக்கெயம கல்லு வருது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போய்வந்து, முகம் கழுவாமலே கோணிகளில் துண்டுகளை அள்ளினார். தட்டவில்லை, முகரவில்லை, பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை முழுங்குகிறவர் மாதிரி அள்ளினார். வியாழக்கிழமை சாயங்காலம் பின்பக்க ஜன்னல் தெரிந்தது. அதைத் திறந்ததும் உள்ளே வெளிச்சம் வந்தது. ஜோதிலட்சுமி அந்த வெளிச்சத்தில் நின்று, கல்லை எந்த மூலையில் வைப்பது, மாவுப் பாத்திரங்களை எங்கே அடுக்குவது என்று கையால் காற்றில் அளந்துகொண்டிருந்தார். வாசற்படியில் வாய் கட்டிய கோணிகள் வரிசையாக நின்றன. அம்மாசி அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். மழை என்ற பேச்சே யார் வாயிலும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் திடீரென்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது கால்வாய் எங்கள் சந்துக்குள் வந்திருந்தது. முதலில் வாசற்படிகளை நனைத்தது. பல் தேய்த்துவிட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. கார்த்திகை மாதம் என்றால் எல்லோரும் சாமான்களைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஜூன் மாதத்தில் யார் வைப்பார்கள்?

முதல் குரல் பங்கஜம் மாமியுடையது. பட்டறைக்கு எதிர்வீட்டில், தரைத்தளத்தில் தனியாக இருப்பவர். பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே கூப்பிட்டார்.

"அம்மாசி, எங்காத்துல பீரோவோட கால் நனையறதுப்பா. பட்டுப்புடவையெல்லாம் கீழ்த்தட்டுல இருக்கு. தூக்கி நிறுத்த ஏதாவது கட்டை இருந்தா எடுத்துண்டு வாயேன்."

நான் எங்கள் வாசலில் தண்ணீரில் நின்றுகொண்டு அம்மாசியின் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக வராத ஒரு விருந்தாளி கதவைத் தட்டியது போல இருந்தது அந்த முகம். ஆனாலும் நிதானம் தவறாமல் ஒரு தொழில்காரருடைய குரலில் கேட்டார்:

"இன்னா ஒசரம் வோணும் மாமி?"

அடுத்த நிமிடம் ஒரு கோணியின் வாய் அவிழ்ந்தது. மாமியின் இரும்பு பீரோவை, வண்டியோடு வந்திருந்த சின்னப்பையனும் நானுமாக ஒவ்வொரு மூலையாகத் தூக்க, அம்மாசி காலுக்கு ஒன்றாகத் தேக்குத் துண்டுகளைச் செருகினார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜுக்குக் கேட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தவர்கள் கட்டிலுக்குக் கேட்டார்கள். மெஷின் வைத்துத் துணி தைக்கிறவர், அரிசி மூட்டை அடுக்கியிருந்தவர், வீணையைத் தரையில் வைத்திருந்தவர் என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் அம்மாசியின் பெயர் கேட்டது. என் பங்குக்கு நானும் புத்தக அலமாரிக்குக் கேட்டேன்.

ஒரு கோணியை ஒருவர் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீரில் நடப்பது முடிகிற காரியம் இல்லை. யோசித்தது ஜோதிலட்சுமிதான். மாவு கரைக்கிற பெரிய அண்டாவைக் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கினார். அது மிதந்தது. அதில் துண்டுகளைக் கொட்டிக்கொண்டு, விளிம்பைப் பிடித்துத் தள்ளியபடி சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்.

"இன்னா வோணும், கட்டிலா பீரோவா? கட்டிலுன்னா இந்தா, இது. பீரோவுக்கு அகலம் பத்தாது, இத்த வெய்யி. அய்ய, அந்த வேப்பங்கட்டய ஃப்ரிட்ஜுக்கு வெக்காத, அது ஒரு பக்கம் ஒசரம், சாஞ்சிக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. அம்மாசி இடுப்பளவு நனைந்தபடி பின்னால் வந்து, செருகிய துண்டுகளைக் கொட்டாப்புளியால் தட்டி இறுக்கிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு வீட்டில் மட்டும் அவர் தாமதித்துவிட்டார். அங்கே புது டி.வி. ஸ்டாண்ட் காலிலிருந்து ஊறி உப்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாகிச் சரிந்தது. டி.வி.யை மட்டும் காப்பாற்ற முடிந்தது. "பிஸ்கோத்து" என்றார் அம்மாசி துக்கம் விசாரிக்கிற குரலில்.

மத்தியானம் மழை விட்டபோது எங்கள் சந்தின் சாமான்கள் அத்தனையும் கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தன. வாசற்படியில் வெறும் கோணிகள் மிதந்தன. நூர் முஹம்மது முழங்கால் தண்ணீரில் ஸ்டவ் பற்றவைத்து, கேட்காமலே எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார். அம்மாசியிடம் டம்ளரை நீட்டியபோது, "நைனா, நல்ல வேளை அன்னிக்கி நீ வந்து மூஞ்சியக் காட்டின. இல்லன்னா ரெண்டு ஊட்டு பீரோ போயிருக்கும்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் சின்னப்பையனின் வண்டி வடபழனிக்கு வெறுமனே போய், கிரைண்டரோடு திரும்பி வந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். பின்பாதியைக் கழுவிவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜோதிலட்சுமி காற்றில் அளந்து வைத்திருந்த அதே மூலையில் கல் உட்கார்ந்தது. முதல் மாவு அன்று சாயங்காலமே அரைபட்டது. அவர் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உளுந்து பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினப்பாக்கம் வீட்டில் அவருக்கு உட்கார இடம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

சிக்கல் மறுநாள் ஆரம்பித்தது. எங்கள் சந்துக்காரர்கள் நாணயமானவர்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க மாட்டார்கள். துண்டுகளைச் சேறு போகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொருவராகப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் பங்கஜம் மாமி.

"இந்தாப்பா. பத்திரமா அலம்பிக் கொண்டு வந்திருக்கேன். நன்னா இருப்பே."

அம்மாசி துண்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டார். மாமிக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றார். அவருக்குப் பின்னால் வீணைக்காரர்கள் வீட்டுப் பெண் நின்றாள். உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம் நின்றது. ஜோதிலட்சுமி ஸ்விட்சில் கை வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாசி கையிலிருந்த தேக்கைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு முறை பார்த்தார். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் இடம் இல்லாமல் இல்லை. ஒரு கோணி அளவுக்குத் தாராளமாக இருந்தது. அது அவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

"உங்ககிட்டயே இர்க்கட்டும் மாமி" என்று துண்டுகளைத் திருப்பி நீட்டினார்.

"எனக்கு எதுக்குப்பா?"

"மறுபடியும் மழ வரும்ல? அப்ப நான் ஒரு ஊட்டுக்கு ஓடறதா, பத்து ஊட்டுக்கு ஓடறதா?"

"எங்காத்துல எங்கே வைக்கறது இதை?"

"பரண் மேல. ஒரு ஓரமா. அவரு ஒண்ணியும் கேக்க மாட்டாரு, சோறு தண்ணி கெடையாது."

மாமி யோசித்தார். அம்மாசி சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. துண்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். வரிசையில் நின்ற மற்றவர்களும் அதையே கேட்டுக்கொண்டு, அதேபோலத் திரும்பிப் போனார்கள். உள்ளே கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இப்படித்தான் எங்கள் சந்து முழுவதும் அம்மாசியின் பின்னறை ஆயிற்று. எந்தத் துண்டு எந்த வீட்டில் எந்தப் பரணில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். எங்காவது ஒரு வேலைக்கு அது தேவைப்பட்டால் அந்த வீட்டுக்குப் போய், அதே அளவில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துப்போவார். போன மாதம் மந்தைவெளியில் யாருக்கோ ஒரு தூளிக்கட்டை செய்ய வேண்டியிருந்தது. மாமி வீட்டுப் பரணிலிருந்த தேக்கின் மேல் அவருக்கு நினைப்புப் போய்விட்டது.

"எங்காத்துப் பரண் என்ன பாங்க் லாக்கரா? வைக்கறதும் எடுக்கறதுமா வந்துண்டும் போயிண்டும் இருக்கியே" என்றார் மாமி. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

ஜோதிலட்சுமியின் மாவுக்கு இப்போது மந்தைவெளிவரை ஆள் உண்டு. பட்டறையில் அவர் போட்டிருக்கும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மாலையில் நடுக் குவியலோடு அம்மாசி உள்ளே நுழையக் கூடாது. வலது பக்கமோ வேறெங்கேயோ அதை முடித்துவிட்டுத்தான் சாப்பிட வர வேண்டும். "ஊரெல்லாம் குடோன் வெச்சிக்கினு கீறாரு எங்க ஊட்டுக்காரரு" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வார். சொல்லும்போது அதில் புகார் இருக்கிறதா பெருமை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

போன வாரம் எங்கள் வீட்டு வாசற்கதவு மழை ஈரத்தில் உப்பிக்கொண்டு சாத்த வரவில்லை. அம்மாசியைக் கூப்பிட்டேன். கதவைக் கழற்றிப் படுக்கவைத்து இழைத்தார். இழைத்தது போதாமல் கீழ்ப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் சட்டத்தை அறுத்தெடுத்தார். கதவை மாட்டினார். அது சத்தம் இல்லாமல் சாத்தியது. மரச்சுருள்களைக் கூட்டி அள்ளிய நான், அறுத்த சட்டத்தையும் எடுக்கக் கை நீட்டினேன். அவர் முந்திக்கொண்டார். அப்போது தெருவில் ஜோதிலட்சுமி மாவு வாளியோடு வந்துகொண்டிருந்தார். அம்மாசி சட்டத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். உதட்டோரத் திருகாணிகளுக்கு நடுவே மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவரும் சிரித்துவிட்டுப் போனார். வாளி தெருமுனை திரும்பும்வரை அம்மாசி அப்படியே நின்றார். பிறகு எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எங்கள் பரணில் அட்டைப்பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தி, சட்டத்தைச் சுவரோரமாக நீளவாக்கில் படுக்கவைத்துவிட்டு, இறங்கி நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டார்.